எருமைக்குக் குரல் கொடுத்த வருடம்

என் மகளுக்கு மூன்று வயது முடிந்தபோது அவள் ஒரு வார்த்தைகூடப் பேசியிருக்கவில்லை. காது நன்றாகக் கேட்டது. அதற்கான பரிசோதனைகளையெல்லாம் செய்து பார்த்துவிட்டோம். கூப்பிட்டால் திரும்புவாள். சொன்னால் புரிந்துகொள்வாள். தண்ணீர் வேண்டுமென்றால் என் சுண்டுவிரலைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்த் தண்ணீர்க் கேன் முன்னால் நிறுத்துவாள். சிரிப்பாள், அழுவாள். பேச்சு மட்டும் வரவில்லை.

நான் சேலையூர் பக்கம் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். ஏழாம் வகுப்பும் எட்டாம் வகுப்பும் என்னுடையவை. வகுப்பறை ஜன்னல் சாலையைப் பார்த்து இருக்கும். பஸ் ஹாரனுக்கு மேலே குரலை எழுப்பித்தான் பின்னக் கணக்கைச் சொல்லித்தர வேண்டும். வகுப்பில் பாதி நேரம் பிள்ளைகளை "பேசாதே, பேசாதே" என்று அதட்டுவதிலேயே போய்விடும். அப்படி அதட்டிவிட்டு வீட்டுக்கு வந்து, பேசவே பேசாத ஒரு குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். இரண்டையும் சேர்த்து யோசிக்கிற தெம்புகூட அப்போது எனக்குக் கிடையாது.

எங்கள் வீடு சிட்லபாக்கத்தில், ஏரிக்கு இரண்டு தெரு தள்ளி, மாடி போர்ஷன். கணவருக்கு மறைமலை நகரில் வேலை. கார் சீட்டுக்கு உள்ளே போகிற இரும்புச் சட்டங்களைச் செய்யும் கம்பெனி. வாரத்துக்கு வாரம் ஷிஃப்ட் மாறும். கம்பெனி பஸ் ஜி.எஸ்.டி. ரோட்டில் வந்து ஏற்றிக்கொள்ளும், அதே இடத்தில் இறக்கிவிடும். மகள் பேசாததைப் பற்றி நான் ஏதாவது சொன்னால், அவர் வீட்டில் எல்லாருமே தாமதமாகத்தான் பேசினார்கள் என்பார். அவரைப் பார்த்தால் அது உண்மையாகத்தான் இருக்கும் என்று தோன்றும். இன்றைக்கும் அவர் ஒரு வேளைச் சாப்பாட்டை இரண்டு வார்த்தையில் முடித்துவிடுகிற ஆள்.

பகலில் மகளைப் பக்கத்துத் தெரு கிரெஷ்ஷில் விட்டிருந்தோம். அங்கே இருந்த அக்கா, மகளைக் கையில் கொடுக்கும்போதெல்லாம் பாராட்டுவார். இவளைப் போல ஒரு பாப்பா கிடையாதாம். சத்தமே இல்லையாம், தொந்தரவே இல்லையாம். பாராட்டுத்தான். அதைக் கேட்டுக்கொண்டு வீடு வரைக்கும் நடப்பது கஷ்டமாக இருக்கும்.

கடைசியில் மேற்குத் தாம்பரத்தில் ஒரு மருந்துக் கடைக்கு மேல்மாடியில் இருந்த ஸ்பீச் தெரபிஸ்டிடம் போனோம். சின்னப் பெண். படித்து முடித்து அதிக நாள் ஆகியிருக்காது. தரையில் பாய் விரித்து, பொம்மைகளைக் கொட்டி, "நீங்க வீட்டுல எப்படி விளையாடுவீங்களோ அப்படி விளையாடுங்க மேம்" என்று சொல்லிவிட்டு மூலையில் உட்கார்ந்துகொண்டாள். நான் ஒரு மாட்டுப் பொம்மையை எடுத்தேன். இது என்ன என்று மகளைக் கேட்டேன். மாடு, சொல்லு, மா-டு என்றேன். ஆட்டை எடுத்தேன். இது என்ன என்றேன். மகள் பொம்மையைப் பார்க்காமல் சுவரில் ஓடிய பல்லியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கொஞ்ச நேரம் கழித்து அந்தப் பெண் மெதுவாகச் சொன்னாள். "மேம், நீங்க பாப்பாவுக்கு எக்ஸாம் வைக்கறீங்க."

எனக்குக் கோபம் வரவில்லை. கோபப்படக்கூடத் தெம்பு இல்லாத ஒரு சனிக்கிழமை அது. அவள் சொன்ன வைத்தியம் சுலபமாக இருந்தது. இனிமேல் கேள்வியே கேட்கக் கூடாது. ஆடு, மாடு, கோழி வருகிற, சிரிப்பு மூட்டுகிற படப் புத்தகம் ஒன்றை வாங்கிக்கொள்ள வேண்டும். தினமும் சாயங்காலம் சத்தமாக, நடித்து வாசித்துக் காட்ட வேண்டும். ஒரே புத்தகமாக இருந்தாலும் பரவாயில்லை. நடுவில் ஒரு இடத்தில் கொஞ்சம் நிறுத்த வேண்டும். நிறுத்தினால் அந்த இடத்தை அவளே நிரப்பப் பார்ப்பாளாம். எத்தனை நாளைக்கு என்று கேட்டேன். "அவ நிரப்பற வரைக்கும் மேம்" என்றாள்.

ஆடி மாதத்தில் கல்யாண மண்டபங்கள் சும்மா கிடக்கும் இல்லையா. அப்போது தாம்பரத்தில் ஒரு மண்டபத்தில் புத்தக விற்பனை நடந்துகொண்டிருந்தது. மணமேடை இருக்கிற இடத்தில் குழந்தைகள் புத்தகங்களை அடுக்கியிருந்தார்கள். பெரும்பாலும் இங்கிலீஷ். சிவப்பு ஓடு போட்ட தொழுவம், பனியில் நிற்கிற செம்மறி ஆடு, ரோஜா நிறப் பன்றி. என் மகள் பன்றி பார்த்திருக்கிறாள். ஏரிக்கரைக் குப்பையில், கறுப்பாக. இந்தப் பன்றியைப் பார்த்து அவள் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. அவளைக் கீழே இறக்கிவிட்டு நான் புரட்டிக்கொண்டிருந்தபோது, அவள் கீழ் அடுக்கிலிருந்து ஒரு மெல்லிய தமிழ்ப் புத்தகத்தை உருவி, தரையில் போட்டு, அதன் மேல் உட்கார்ந்துகொண்டாள். தூக்கினால் அழுதாள். அவளோடு சேர்த்துத் தூக்கி எடுத்தபோதுதான் அட்டையைப் பார்த்தேன். இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை ஒரு எருமை படுத்திருந்தது. கண் பாதி மூடியிருந்தது. அந்த முகத்தை எங்கோ பார்த்திருக்கிறேன் என்று நினைத்தேன். பள்ளிக்கூடத்து ஸ்டாஃப் ரூம் கண்ணாடியில் தெரிகிற என் முகம்தான்.

கதை இதுதான். குளத்துக்குப் போகிற பாதையில் ஒரு எருமை குறுக்கே படுத்திருக்கிறது. சேவல் வந்து கூவி எழுப்புகிறது. எருமை, "முடியாது, போ" என்கிறது. ஆடு வந்து முட்டுகிறது. முடியாது, போ. வாத்துக் கூட்டம் வந்து வயிற்றில் கிச்சுக்கிச்சு மூட்டுகிறது. கழுதை பாட்டுப் பாடுகிறது. பசு வந்து அன்பாகப் புத்தி சொல்லிப் பார்க்கிறது. எல்லாவற்றுக்கும் ஒரே பதில். எல்லாரும் களைத்துப் போய் எருமையைச் சுற்றிப் படுத்துத் தூங்கிவிடுகிறார்கள். அப்புறம் எருமை தானாகவே எழுந்திருக்கிறது, தண்ணீர் குடிக்கப் போகலாம் என்று. பார்த்தால் பாதை முழுக்கத் தூங்குகிறவர்கள். எருமை எல்லாரையும் எழுப்புகிறது. அவர்கள் ஒரே குரலில், "முடியாது, போ" என்கிறார்கள். அவ்வளவுதான் புத்தகம்.

முதல் நாள் பாடம் நடத்துவதுபோல வாசித்தேன். மகள் இரண்டாவது பக்கத்திலேயே மடியைவிட்டு இறங்கிப் போய்விட்டாள். மறுநாள் நடித்துப் பார்க்கலாம் என்று முடிவு செய்தேன். சேவலும் ஆடும் சுலபம். வாத்துக்கு மூக்கால் பேசினேன். எருமைக்குத்தான் குரல் கிடைக்கவில்லை. கரகரப்பாகப் பேசினேன், பொருந்தவில்லை. பிறகு எங்கள் ஹெச்.எம். ஞாபகம் வந்தது. எங்கள் பள்ளியில் லீவு கேட்டுப் போய் நின்றால், ஹெச்.எம். மேசையிலிருந்து தலையைத் தூக்காமல், அடித்தொண்டையில், நிதானமாக, கொஞ்சம் மூச்சைச் சேர்த்து "முடியாது" என்பார். கோபமே இருக்காது அதில். மழை வரும் என்று சொல்கிற மாதிரி இருக்கும். அந்தக் குரலை எடுத்துக்கொண்டேன்.

மகள் என் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள். அப்புறம் வயிறு குலுங்கச் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்காக மறுபடி ஒரு தடவை படித்தேன். முடிந்ததும் அவளே புத்தகத்தைப் புரட்டி முதல் பக்கத்துக்குக் கொண்டுவந்து என் கையில் வைத்தாள். மறுபடியும். மறுபடியும்.

தெரபிஸ்ட் இதை எனக்குச் சொல்லவில்லை. தினமும் வாசியுங்கள் என்றாளே தவிர, ஒரே சாயங்காலத்தில் திரும்பத் திரும்ப வாசிக்க வேண்டியிருக்கும் என்று சொல்லவில்லை. பாத்திரம் போட்டது போட்டபடி கிடக்கும். திருத்த வேண்டிய நோட்டுகள் பையிலேயே இருக்கும். நான் தரையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து கழுதையாகப் பாடிக்கொண்டிருப்பேன். ஐப்பசி வரைக்கும் அப்படியே போயிற்று. எருமைப் பக்கம் வந்ததும் நிறுத்துவேன். மகள் என் உதட்டையே பார்ப்பாள். அவள் உதடும் ஒன்றுசேரும். சத்தம் வராது. சானடோரியம் பக்கம் ரயில் போகிற ஓசை கேட்கும், எதிர்வீட்டுக் குக்கர் விசில் கேட்கும். வாசிப்பதைவிட அந்த நிறுத்தம்தான் அதிகம் களைப்பாக்கும். காத்திருந்து பார்த்துவிட்டு நானே "முடியாது, போ" என்பேன்.

களைப்பில் வார்த்தைகள் குழம்பும். ஒரு நாள் ஆடு வந்து எருமையைக் கொம்பால் வகுத்தது என்று வாசித்துவிட்டேன். மகள் உடனே என் வாயில் தட்டினாள். முட்டியது என்று திருத்தி வாசித்த பிறகுதான் பக்கத்தைப் புரட்டவிட்டாள். கதையில் ஒவ்வொரு வார்த்தையும் அவளுக்குத் தெரிந்திருக்கிறது என்று அன்றைக்குப் புரிந்தது. உள்ளே போகிறது, வெளியேதான் வரவில்லை. அது ஆறுதலா பயமா என்று சொல்லத் தெரியவில்லை.

கீழ் வீட்டில் வீட்டுக்கார அக்கா. ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். அவர்கள் சிட்லபாக்கத்துக்குப் பழைய ஆட்கள். ஏரிப் பாசனத்தில் நெல் போட்ட குடும்பம். நிலமெல்லாம் பிளாட்டாகிப் போன பிறகு இப்போது வாடகை வீடுகளும், செங்கல், சிமென்ட், ஜல்லி விற்கிற கடையும். பழக்கம் விடவில்லை என்று ஒரே ஒரு பசுவை மட்டும் கேட் பக்கத்தில் கட்டி வைத்திருந்தார். அது பெரும்பாலும் கட்டிய இடத்தில் இருக்காது, தெருவில்தான் இருக்கும். ஒரு நாள் அக்கா படியேறி வந்து கதவைத் தட்டினார்.

"இன்னா டீச்சர், சாய்ங்காலம் ஆனா உன் வூட்ல கய்தை கத்துற சத்தமா கீது? சண்டை கிண்டையா?"

நான் விஷயத்தைச் சொல்லிப் புத்தகத்தைக் காட்டினேன். அக்கா நின்றபடியே முழுவதையும் புரட்டிப் பார்த்தார். சிரிக்கவில்லை. எருமையை எதற்கு இவர்கள் எழுப்புகிறார்கள் என்று கேட்டார். அவர் வீட்டில் எருமை இருந்த காலத்தில் அது வழியில் படுத்தால் எல்லாரும் சுற்றிக்கொண்டுதான் போவார்களாம். அதோடு மல்லுக்கட்டுகிற வேலையே கிடையாதாம். புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, மகளின் கன்னத்தைத் தொட்டுவிட்டு இறங்கிப் போனார். அன்றைக்கு அதற்கு மேல் எனக்கு வாசிக்கப் பிடிக்கவில்லை. கதை நடந்திருக்கவே வேண்டியதில்லை என்று ஆகிவிட்டது.

ஒரு வாரம் கணவருக்குக் காலை ஷிஃப்ட். சாயங்காலம் வீட்டில் இருந்தார். நான் புத்தகத்தை அவர் கையில் கொடுத்து, இனிமேல் நீங்கள் வாசியுங்கள் என்று சொல்லிவிட்டுக் கட்டிலில் போய் விழுந்தேன். அவர் வாசித்தார். கம்பெனியில் இயந்திரத்துக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கும் பாதுகாப்பு விதிகளை வாசிப்பதுபோல இருந்தது. சேவலுக்கும் எருமைக்கும் ஒரே குரல். மகள் மரியாதையாகக் கடைசிப் பக்கம் வரை கேட்டாள். பிறகு புத்தகத்தை அவரிடமிருந்து வாங்கி, கட்டிலுக்கு வந்து, என் வயிற்றின் மேல் வைத்தாள். அவர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் கொஞ்சம் வெட்கம், கொஞ்சம் நிம்மதி.

"உன் எருமைதான் நல்லாயிருக்கு" என்றார்.

மழைக்காலத்தில் என் தொண்டை போயிற்று. முதலில் கரகரப்பு. டீச்சர்களுக்கு அது சகஜம் என்று மிளகுப் பால் குடித்துக்கொண்டு பாடம் எடுத்தேன். ஒரு காலையில் அட்டெண்டன்ஸ் எடுக்க வாயைத் திறந்தால் வெறும் காற்றுதான் வந்தது. கிழக்குத் தாம்பரத்தில் டாக்டர் கேமராவை விட்டுப் பார்த்துவிட்டு, குரல் நாண் வீங்கியிருக்கிறது, பேசவே கூடாது, கிசுகிசுக்கவும் கூடாது என்றார். லீவு கேட்கவும் வாய் இல்லை. டாக்டர் சீட்டை நீட்டினேன். ஹெச்.எம். அதைப் படித்துவிட்டு, வாழ்க்கையில் முதல் தடவையாக, "சரி" என்றார்.

பேசாமல் இருப்பது எனக்குப் பிடித்திருந்தது. யாரும் எதையும் கேட்க மாட்டார்கள். கேட்டாலும் பதில் சொல்ல வேண்டாம். கிரெஷ்ஷிலிருந்து மகளைக் கூட்டிக்கொண்டு குடையில் நடந்து வந்தபோது, நாங்கள் இரண்டு பேரும் ஒரே மாதிரி ஆகிவிட்டோம் என்று நினைத்துக்கொண்டேன்.

சாயங்காலம் வழக்கம்போலப் புத்தகத்தைக் கொண்டுவந்தாள். தொண்டையைத் தொட்டுக் காட்டி, கையை விரித்தேன். அவளுக்கு அது போதவில்லை. புத்தகத்தை மடியில் வைத்து, தானும் உட்கார்ந்தாள். சரி என்று பக்கத்தைத் திறந்தேன். சேவலுக்குக் கையை மட்டும் ஆட்டினேன். ஆட்டுக்குத் தலையை ஆட்டினேன். வெளியே மழை வலுத்திருந்தது. எருமைப் பக்கம் வந்ததும் நிறுத்தினேன். தெரபிஸ்ட் சொன்னதற்காக இல்லை. மருந்தில் தலை கனத்தது, அவ்வளவுதான். சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டேன்.

அப்போது அடித்தொண்டையில், நிதானமாக, மூச்சைச் சேர்த்து ஒரு குரல் வந்தது.

"மியாது. போ."

கண்ணைத் திறந்தேன். மகள் என்னைப் பார்க்கவில்லை. எருமையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளே பக்கத்தைத் திருப்பினாள். வாத்துப் பக்கத்தைப் பொறுமையாகப் பார்த்தாள். அடுத்த பக்கத்தில் மறுபடி, "மியாது. போ." அவள் குரல் எப்படி இருக்கும் என்று மூன்று வருடமாக நான் கற்பனை செய்துகொண்டிருந்தேன். கீச்சென்று, கிளி மாதிரி இருக்கும் என்று. வந்ததோ அப்படியே எங்கள் ஹெச்.எம். குரல்.

எனக்குக் கத்த வேண்டும்போல இருந்தது. வாயைத் திறந்தேன். காற்றுதான். யாரையாவது கூப்பிட்டுச் சொல்ல வேண்டும். அவளையும் புத்தகத்தையும் தூக்கிக்கொண்டு, நனைந்த படிகளில் இறங்கி, கீழ் வீட்டுக் கதவைத் தட்டினேன். வீட்டுக்கார அக்கா வந்து பார்த்தபோது நான் அழுதுகொண்டு, மகளின் வாயைத் திரும்பத் திரும்பக் காட்டிக்கொண்டிருந்தேன். அக்கா பதறிப் போனார்.

"புள்ள எத்தயானா முழுங்கிடுச்சா?"

நான் தலையை ஆட்டுவதற்குள் அவர் மகளின் வாய்க்குள் விரலை விட்டுத் துழாவிவிட்டார். அவள் வீறிட்டு அழுதாள். புத்தகத்தைத் திறந்து எருமையைக் காட்டினேன். மகள் அழுகையை நிறுத்திவிட்டு உதட்டைப் பிதுக்கிக்கொண்டாள். ஒரு சத்தமும் வரவில்லை. அக்கா என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். ஜுரம் கொதிக்கிறது, போய்ப் படு என்று சொல்லி, ரசம் ஒரு சொம்பில் ஊற்றிக் கொடுத்து அனுப்பினார்.

கணவர் வந்ததும் ஒரு காகிதத்தில் "பேசினாள்" என்று எழுதி நீட்டினேன். அவர் ஷூவைக்கூடக் கழற்றவில்லை. என்ன சொன்னாள் என்று கேட்டார். அதற்குக் கீழே "முடியாது, போ" என்று எழுதினேன்.

அவர் அதைப் படித்துவிட்டு என்னைப் பார்த்தார். "சரி, முடியலைன்னா விடு. அப்புறமா எழுதிக் காட்டு" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார்.

காகிதத்தோடு பாத்ரூம் வாசல் வரைக்கும் போய், முழு வாக்கியமாக எழுதிக் காட்ட வேண்டியிருந்தது. புரிந்ததும் ஈரக் கையோடு வந்து மகள் முன்னால் உட்கார்ந்து புத்தகத்தைத் திறந்தார். அவள் கொட்டாவி விட்டாள். அவர் ஒவ்வொரு எருமையாகக் காட்டிக் காத்திருந்தார். அவள் அவர் சட்டைப் பாக்கெட்டிலிருந்த பேனாவை எடுத்து விளையாடினாள். கடைசியில் என்னிடம், மருந்து சாப்பிட்டாயா, கொஞ்சம் தூங்கு என்றார். நம்பவில்லை என்று அவர் சொல்லவில்லை. அவர் அப்படிச் சொல்கிற ஆள் இல்லை.

அடுத்த சில நாட்களும் அவள் பேசவில்லை. நான் புத்தகத்தைத் திறந்து காத்திருப்பேன். அவள் பக்கங்களைப் பார்த்துவிட்டு மூடிவிடுவாள். ஜுரத்தில் எனக்குத்தான் அப்படிக் கேட்டதோ என்று எனக்கே சந்தேகம் வந்தது. தெரபிஸ்டுக்கு மெசேஜ் அனுப்பினேன். கேட்காதீர்கள் மேம், காத்திருங்கள் என்று பதில் வந்தது. அதைத் தவிர நான் வேறு என்ன செய்துகொண்டிருந்தேன் என்று அலுப்பாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மழை விட்டிருந்தது. கணவர் இட்லி வாங்கப் பைக்கை எடுக்கக் கீழே போனார். தெருவெல்லாம் சேறு. வீட்டுக்கார அக்காவின் பசு, காய்ந்த இடம் அது ஒன்றுதான் என்று கேட்டுக்குக் குறுக்கே சிமென்ட் தரையில் படுத்திருந்தது. அவர் முதுகில் தட்டினார். தோளால் தள்ளினார். ஏந்துரும்மா என்று கெஞ்சினார். பைக்கை ஸ்டார்ட் செய்து உறுமவிட்டார். பசு காதை மட்டும் ஆட்டியது. அக்கா வாசலில் நின்று பல் தேய்த்துக்கொண்டே, அதுவாக எழுந்துகொள்ளும், கொஞ்சம் இரு தம்பி என்றார். நான் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு படியில் நின்றிருந்தேன். கணவர் ஹாரனை அழுத்தினார்.

"மியாது. போ" என்றாள் மகள்.

அவர் திரும்பி அக்காவைப் பார்த்தார். அந்தக் குரல் அக்காவின் வாயிலிருந்துதான் வந்திருக்க வேண்டும் என்று நினைத்திருக்கிறார். வாயில் பிரஷ்ஷோடு அக்கா அவரைப் பார்த்தார். இரண்டு பேரும் சேர்ந்து படிப்பக்கம் பார்த்தபோது மகள் பசுவைப் பார்த்துக்கொண்டே இன்னொரு தடவை சொன்னாள், இந்தத் தடவை கொஞ்சம் அழுத்தமாக.

அவர் பைக்கை அணைத்தார். ஸ்டாண்ட் போடவும் மறந்துவிட்டார். பைக் சுவரில் சாய்ந்து நின்றது. சேற்றுக் காலோடு படியேறி வந்து அவள் முன்னால் நின்று, இன்னொரு தடவை சொல்லு என்று கேட்க வாயெடுத்தார். நான் அவர் வாயைக் கையால் பொத்தினேன். கேட்கக் கூடாது. அவர் தலையாட்டினார். கண் கலங்கியிருந்தது. அக்கா பேஸ்ட் நுரையைத் துப்பிவிட்டு வந்தார்.

"அன்னைக்கு இத்தச் சொல்லத்தான் வந்தியா டீச்சர்? நான் வாய்க்குள்ள வெரல வுட்டுட்டேனே" என்றார்.

அதன் பிறகு எல்லாம் மளமளவென்று நடந்துவிடவில்லை. பல வாரங்களுக்கு அவளிடம் இருந்த பேச்சு அது ஒன்றுதான். குளிக்க வா என்றால் முடியாது, போ. தோசை தின்னு என்றால் முடியாது, போ. போனில் என் அக்கா, பெரியம்மான்னு சொல்லு கண்ணு என்று கொஞ்சினாள். அதற்கும் அதேதான். என் அக்கா இன்றைக்கும் அதைச் சொல்லிக் காட்டுவாள். தெரபிஸ்ட் பெண்ணுக்கு மட்டும் தாங்க முடியாத சந்தோஷம். வேண்டாம் என்று சொல்லத் தெரிந்த குழந்தைக்கு மீதியெல்லாம் வந்துவிடும் என்றாள். அடுத்ததாக எருமை வந்தது. கோழி, தண்ணி, பேனா, அப்பா. அம்மா என்ற வார்த்தை வருவதற்குள் தை பிறந்துவிட்டது. அதுவரைக்கும் நான் ஒன்றும் நினைக்காத மாதிரி இருந்தேன்.

எல்.கே.ஜி.க்கு எங்கள் பள்ளியிலேயே போட்டோம். டீச்சர் பிள்ளையாக இருந்தாலும் ஹெச்.எம். முன்னால் உட்கார வைத்துத்தான் சேர்ப்பார்கள். அதற்குள் அவள் சின்னச் சின்ன வாக்கியம் பேசத் தொடங்கியிருந்தாள். பெயரைச் சொல்லப் பழக்கிக் கூட்டிப் போயிருந்தேன். ஹெச்.எம். தலையைத் தூக்காமல், உன் பேர் என்ன என்று கேட்டார்.

"முடியாது. போ" என்றாள்.

அவர் குரலிலேயே. அதே நிதானம், அதே மூச்சு. ஹெச்.எம். தலையைத் தூக்கி அவளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். தன் குரலை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. யாருக்குத்தான் தன் குரல் தெரியும். நன்றாகச் சிரித்துவிட்டு, பெண்ணுக்குத் தைரியம் இருக்கிறது, உங்களை மாதிரி இல்லை என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

இப்போது அவள் இரண்டாம் வகுப்பு. தானே வாசிக்கிறாள். வாசித்துக் காட்டுவதைவிடக் குழந்தை வாசிப்பதைக் கேட்பது எத்தனை களைப்பான வேலை என்று யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. போன வாரம் பள்ளி நூலகத்திலிருந்து அடைகாக்கிற கோழியைப் பற்றி ஒரு புத்தகம் எடுத்து வந்திருந்தாள். நான் நோட்டுகளை ஒதுக்கிவிட்டுப் பக்கத்தில் படுத்துக்கொண்டேன். விரலை வைத்துக்கொண்டு, கோ, ழி, கோழி, வை, வைக், வைக்கோ என்று போனாள். வைக்கோல் என்று முடித்துக் கொடுத்துவிட வேண்டும்போல வாய் துறுதுறுத்தது. சொல்லவில்லை. ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. அவள் வைக்கோலைத் தாண்டிவிட்டாளா என்பதுகூட எனக்குத் தெரியவில்லை, கண் செருகிவிட்டது.

"அம்மா, கேக்கறியா?"

"கேக்கறேன்" என்றேன்.

நம்பவில்லை. கோழி எங்கே உட்கார்ந்திருக்கிறது, சொல் என்று என்னைக் கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, முதல் பக்கத்திலிருந்து மறுபடி எழுத்துக் கூட்ட ஆரம்பித்தாள்.